கைப்பேசி மக்களிடம், கத்தரி யாரிடம்?

2019 மார்ச் மாதம் முதல் வாரத்தில், பாசிர் கூடாங் வட்டாரத்துக் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஆற்றோரப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறியது, வாந்தி வந்தது, சிலர் மயங்கி விழுந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு ஓடினார்கள்.

அந்த நாள்களில் ஜோகூர்க்காரர்கள் நாளேட்டுக்காகக் காத்திருக்கவில்லை. பெற்றோர்களின் புலனக் குழுக்கள் முந்திக்கொண்டன. பள்ளி வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ், முகக்கவசம் மாட்டிய பிள்ளைகள், நிறம் மாறிய தண்ணீர் என்று சில விநாடிக் காணொலிகள் கைக்குக் கை மாறின. உண்மையோடு புரளியும் சேர்ந்தே ஓடியது. இப்படி வரும் காணொலிகளை ஊடகங்கள் எடுத்துப் போடும்போது ஓரத்தில் 'படம்: சமூக ஊடகம்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். எடுத்த தாயின் பெயர் இருக்காது. அன்று காலை வீட்டுக்குள் என்ன வாடை வந்தது, பிள்ளையை எத்தனை மணிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார், அடுத்த மாதம் அதே பள்ளிக்கு அனுப்ப அவருக்கு மனம் வந்ததா என்றெல்லாம் அவரிடம் கேட்கப் பெரும்பாலும் யாரும் திரும்பிப் போவதில்லை.

ஊடக நிறுவனங்கள் 'மக்கள் பங்கேற்பு' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். எடுப்பது மக்கள், எதை வெட்டுவது, எதை வைப்பது, என்ன தலைப்புப் போடுவது என்று முடிவு செய்வது அலுவலகம். கத்தரி கைமாறாத வரையில் அதைப் பங்கேற்பு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. மூலப்பொருளை இலவசமாக வாங்கிக்கொள்வது வேறு, ஒருவரைத் தம் கதையைத் தாமே சொல்ல வைப்பது வேறு.

ஜோகூரில் இருந்துகொண்டு பார்த்தால் இது இன்னும் உறைக்கும். மலேசியத் தமிழ் ஊடகங்களின் தலைமையகங்கள் கோலாலம்பூரைச் சுற்றியே இருக்கின்றன. தெற்கே சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய், மாசாய் என்று தமிழர் வாழும் ஊர்கள் ஏராளம். இந்த மாநிலத்தில் மட்டும் 70 தமிழ்ப் பள்ளிகள் உண்டு. ஆனால் ஜோகூர்ச் செய்தி என்று வருவது கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், சாலை விபத்து, பரிசளிப்பு விழா. தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடியில் குடியேறிய குடும்பம், விடியற்காலையில் எல்லை தாண்டி வேலைக்குப் போகும் பெண், செம்பனைக் காட்டுக்கு நடுவில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் பள்ளி: இவையெல்லாம் எப்போதாவது ஒருமுறை, அதுவும் வேறொருவர் வாயால் சொல்லப்படுகின்றன.

பத்துப் பேர், இரண்டு நிமிடம்

கத்தரியைக் கைமாற்ற முயன்ற பெரிய நிறுவனம் ஒன்று உண்டு. 2001இல் பிபிசியின் வேல்ஸ் பிரிவு, கார்டிஃப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'கேப்ச்சர் வேல்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் புகைப்படக் கலைஞர் டேனியல் மெடோஸ். முறையை அவர் கலிபோர்னியாவிலிருந்து கற்றுக்கொண்டு வந்தார். அங்கே ஜோ லாம்பர்ட்டும் டேனா ஆட்ச்லியும் 1994 முதல் சாதாரண மக்களுக்குக் கணினியில் கதை சொல்லக் கற்றுக்கொடுத்து வந்தார்கள்.

நடந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஓர் ஊரில் பத்துப் பேர் வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொருவர் கையிலும் வீட்டு ஆல்பத்திலிருந்து எடுத்து வந்த பழைய படங்கள் சில. முதலில் யாரும் எழுத மாட்டார்கள். படத்தைக் காட்டிப் பேசுவார்கள். மற்றவர்கள் கேட்பார்கள், சந்தேகம் கேட்பார்கள். 'அந்த மூலையில் நிற்பது யார்' என்று ஒருவர் கேட்க, அதுதான் உண்மையான கதை என்று சொன்னவருக்கே அப்போதுதான் புரியும். பிறகு ஏறக்குறைய 250 சொற்களில் அதை எழுதி, தம் குரலிலேயே பதிவு செய்து, படங்களைக் குரலுக்கு ஏற்ப அடுக்குவார்கள். இரண்டு நிமிடத்துப் படம் ஒன்று பிறக்கும். எந்தப் படம் எங்கே வர வேண்டும், எந்த வரி போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் கதைக்குச் சொந்தக்காரர். பிபிசி ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து மென்பொருளைக் காட்டிக்கொடுப்பார், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டுப் பழகிய ஊழியர்கள் இங்கே கேட்டுக்கொண்டிருக்கப் பழக வேண்டியிருந்தது. நிறுவனத்துக்குள் நேர்ந்த பெரிய மாற்றமாக நான் இதைத்தான் பார்க்கிறேன். ஆனால் இந்த வேலைக்கு ஆள் வேண்டும், நாள் வேண்டும், பணம் வேண்டும். ஐந்து நாள் பட்டறை நடத்தி இரண்டு நிமிடப் படம் பத்து எடுப்பதைச் செலவுக் கணக்குப் பார்ப்பவர் வெகுகாலம் பொறுத்துக்கொள்ள மாட்டார். 2008இல் திட்டம் முடிந்தது.

நேசன் நடத்திய வகுப்பு

வேல்ஸ் வரை போக வேண்டியதில்லை என்று சொல்ல நமக்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1950இல் 'தமிழ் நேசன்' நாளிதழ் 'கதை வகுப்பு' ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ஆசிரியர்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்று இதழிலேயே பாடம் வந்தது. வாசகர்கள் பயிற்சி எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். திருத்தமும் மதிப்பீடும் கிடைத்தன.

அந்தக் காலத்து மலாயாவை நினைத்துப் பாருங்கள். போர் முடிந்து ஐந்தே ஆண்டு. சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை, திரும்பியவர்கள் பேசவில்லை. அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்தது. தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், 'நீ வாசகன் மட்டும் இல்லை, எழுது, நாங்கள் திருத்தித் தருகிறோம்' என்று ஒரு நாளேடு சொன்னது. மலேசியத் தமிழ் எழுத்தின் வரலாற்றைப் பேசுகிற யாரும் இந்த வகுப்பைத் தாண்டிப் போக முடியாது. அந்த வரலாற்றை 1978இல் நூலாக எழுதியவரும் ஜோகூர்க்காரர்தான்: தங்காக்கில் வாழ்ந்த மா. இராமையா, அந்தத் தலைமுறை எழுத்தாளர்.

எழுத ஆள் கிடைக்கவில்லை என்று நேசன் காத்திருக்கவில்லை. எழுதுகிறவர்களைத் தானே உருவாக்கியது. வாசகரை நம்பிச் செலவிட்ட நேரம் அது. 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019 ஜனவரி இறுதியோடு நின்றுபோனபோது பலர் வருத்தப்பட்டுப் பேசினார்கள். மூடப்பட்ட அலுவலகத்தைப் பற்றிய பேச்சுதான் அதிகம். கதை வகுப்பு போன்ற ஒரு பழக்கம் அதற்குப் பல்லாண்டு முன்பே நம் இதழ்களிலிருந்து மறைந்துபோனதே, அதைப் பற்றி யார் வருத்தப்பட்டார்கள்?

கருவி இல்லை என்றும் சொல்ல முடியாது. கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சலை முத்து நெடுமாறன் 1985இலேயே இந்த நாட்டில் உருவாக்கினார். கைப்பேசியில் தமிழ் எழுத அவருடைய செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. தமிழில் எழுதி அனுப்பும் வசதி உலகின் பல மொழிகளுக்கு முன்பே நம் கைக்கு வந்துவிட்டது. அந்தக் கையைப் பிடித்து எழுத வைக்கும் நிறுவனம்தான் வரவில்லை.

வாசகருக்காக அபராதம்

மக்களை உள்ளே விட்டால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை மலேசியாகினியைப் போல அனுபவித்த ஊடகம் இந்த நாட்டில் வேறு இல்லை. ஸ்டீவன் கானும் பிரமேஷ் சந்திரனும் 1999 நவம்பரில் இணையத்தில் தொடங்கிய செய்தி ஊடகம் அது. அச்சுக்கு உரிமம் வேண்டும். இணையத்துக்கு வேண்டியதில்லை என்ற இடைவெளியில் முளைத்தது.

2003 ஜனவரி 20 அன்று காவல்துறையினர் அதன் அலுவலகத்துக்கு வந்து 19 கணினிகளைத் தூக்கிச் சென்றார்கள். காரணம், ஆசிரியர் குழு எழுதிய செய்தி எதுவும் இல்லை. ஒரு வாசகர் கடிதம். எழுதியவர் யார் என்று சொல்ல ஆசிரியர் மறுத்தார்.

2007 நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமைக்காகப் போராடிய இண்ட்ராஃப் அமைப்பின் பேரணிக்காகப் பல்லாயிரம் தமிழர்கள் கோலாலம்பூரில் திரண்டார்கள். கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பாய்ந்தன. குறுஞ்செய்தியிலும் வலைப்பூவிலும் வாய்மொழியிலும் பரவிய அழைப்பு அது. அன்று தெருவில் நடந்ததைத் தோட்டப்புறங்களில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தது பெரும்பாலும் இணையக் காணொலிகளில்தான். மறு ஆண்டு மார்ச் 8 பொதுத் தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. அதே 2008இல் மலேசியாகினி, அமெரிக்காவின் பன்னாட்டுச் செய்தியாளர் மையத்தின் ஆதரவோடு, குடிமக்கள் செய்தியாளர்களுக்குக் காணொலிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. ஆசிரியர், இல்லத்தரசி, ஓய்வுபெற்றவர் என்று பலரும் தம் ஊர்ப் பிரச்சினையைத் தாமே படம்பிடித்து, தாமே வெட்டி ஒட்டி அனுப்பக் கற்றார்கள். என் பார்வையில், நேசனின் கதை வகுப்புக்குப் பிறகு அதற்கு மிக அருகில் வந்த முயற்சி இதுதான்.

பிறகு 2014. சொந்தக் கட்டடத்துக்கு வாசகர்களிடம் செங்கல் விற்றார்கள். ஒரு செங்கல் ஆயிரம் ரிங்கிட். வாங்கியவர்களின் பெயர்கள் பெட்டாலிங் ஜெயா கட்டடத்துச் சுவரில் ஏறின.

எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை 2020இல் வந்தது. நீதிமன்றங்கள் முழு அளவில் மீண்டும் இயங்கும் என்ற செய்தியின் கீழே ஐந்து வாசகர்கள் நீதித்துறையைத் தாக்கிக் கருத்து எழுதியிருந்தார்கள். காவல்துறை தெரிவித்த 12 நிமிடங்களில் நிர்வாகம் அவற்றை நீக்கிவிட்டது. இருந்தும் சட்டத்துறைத் தலைவர் நீதிமன்ற அவமதிப்பு வழக்குத் தொடுத்தார். 2021 பிப்ரவரி 19 அன்று கூட்டரசு நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் மலேசியாகினியைக் குற்றவாளி என்றது. அரசுத் தரப்பு கேட்டது 2 லட்சம் ரிங்கிட். விதிக்கப்பட்ட அபராதம் 5 லட்சம். தலைமை ஆசிரியர் ஸ்டீவன் கான் விடுவிக்கப்பட்டார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஒரே நீதிபதி நளினி பத்மநாதன். கருத்துகள் அங்கே இருப்பது தெரிந்ததும் நீக்கியவர்களை, அறிந்தே வெளியிட்டவர்கள் என்று சொல்ல முடியாது என்பது அவர் நிலை.

தீர்ப்பின் அடிப்படையில் ஒரு சட்டப் பிரிவு இருந்தது. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 2012இல் நுழைக்கப்பட்ட 114ஏ. ஒரு தளத்தை நடத்துபவரே அங்கே வரும் எழுத்தின் வெளியீட்டாளர் என்று அது ஊகித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டுவது நடத்துபவர் பாடு. இதைப் படித்த எந்தச் சிறு இதழ் ஆசிரியருக்கும் வாசகர் கருத்தை மூடிவிட்டால் என்ன என்றுதான் தோன்றும். 5 லட்சம் ரிங்கிட் என்பது ஒரு தமிழ் இதழின் வாழ்வையே முடித்துவிடும் தொகை.

மலேசியாகினி வாசகர்களிடம் கேட்டது. தீர்ப்பு வந்த அன்றே, சில மணி நேரத்துக்குள், அபராதத் தொகைக்கும் மேல் சேர்ந்துவிட்டது. இந்தப் பணத்தை வெறும் ஆதரவு என்று நான் நினைக்கவில்லை. இருபது ஆண்டுக்கு மேலாகக் கடிதம் எழுதியவர்கள், கணினி போனபோது கைகொடுத்தவர்கள், செங்கல் வாங்கியவர்கள், காணொலி எடுக்கக் கற்றவர்கள் இருந்தார்கள். அது தங்கள் வீடு என்று அவர்கள் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. வாசகரின் படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒரு நிறுவனத்துக்கு இப்படி ஒரு நாளில் பணம் சேருமா?

எதிர்ப்பக்கம் ஒரு பாடமும் உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 'ஸ்டாம்ப்' என்ற குடிமக்கள் செய்தித் தளத்தை ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 2006இல் தொடங்கியது. பெரும்பாலும் அனுப்பப்பட்டவை பிறர் செய்த சில்லறைத் தவறுகளின் படங்கள். 2012இல் ஓடும் ரயிலின் கதவு திறந்திருப்பதாக வெளியான ஒரு படம் பொய் என்று தெரிந்தது. அதைப் போட்டது வாசகர் இல்லை, தளத்தின் ஊழியரே. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். மக்களிடமிருந்து வந்தது என்ற முத்திரை மட்டும் நம்பகத்தைக் கொடுத்துவிடாது. பயிற்சியும் சரிபார்ப்பும் இல்லாத இடத்தில் அந்த முத்திரையே ஏமாற்றப் பயன்படும்.

தஞ்சோங் குப்பாங் பிள்ளைகள்

ஜோகூரின் தென்மேற்கு மூலையில், கேலாங் பாத்தாவுக்கு அப்பால், தஞ்சோங் குப்பாங் என்ற மீனவர் பகுதி. அங்கே செரினா ரஹ்மானும் ஷாலான் ஜும்அத்தும் 2008இல் 'கெலாப் அலாமி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் கடலைப் பதிவு செய்யக் கற்றுக்கொடுப்பது நோக்கம். நீரிணையில் மெராம்போங் கடற்புல் மேடு இருக்கிறது. தண்ணீர் வற்றும் நேரத்தில் இறங்கி நடக்கலாம். கடல்குதிரை, நட்சத்திர மீன், சங்கு என்று உயிர்கள் கால்மாட்டில் தென்படும். பிள்ளைகள் அவற்றைப் பெயரிட்டு, அளந்து, படமெடுத்து வைத்தார்கள். மீனவர்களின் அறிவும் அந்தப் பதிவில் சேர்ந்தது.

2014இல் அதே நீரிணையில் ஃபாரஸ்ட் சிட்டி என்ற நகர்த் திட்டத்துக்காகக் கடலில் மண் கொட்டத் தொடங்கினார்கள். கடற்புல்லின் மேலேயே மண் விழுந்தது. சிங்கப்பூர் கேள்வி எழுப்ப, அந்த ஆண்டு நடுவில் வேலை நிறுத்தப்பட்டது. சுற்றுச்சூழல் ஆய்வுக்குப் பின் 2015 தொடக்கத்தில், குறைத்த அளவில் அனுமதி கிடைத்தது. திட்டம் நிற்கவில்லை, மீனவர்களின் கடல் சுருங்கியது. ஆனால் அங்கே என்ன இருந்தது என்று கேட்டு வந்த நிருபர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பதில் சொல்ல, ஆறு ஆண்டாகக் குறித்து வைத்திருந்தவர்கள் அந்தக் கிராமத்திலேயே இருந்தார்கள். சம்பவம் நடந்த பிறகு படம் எடுத்து அனுப்பியவர்கள் இல்லை அவர்கள். நடப்பதற்கு முன்பே தங்கள் இடத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள்.

நம் தோட்டங்களுக்கு அப்படி யாரும் இருக்கவில்லை. கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. லயம் இடிபட்டது, கோயில் இடம் மாறியது, மயானம் எங்கே என்பதே மறந்துபோன ஊர்கள் உண்டு. இடிக்கிற நாளன்று படம் எடுக்கிறோம். இருந்த காலத்தில் யாரும் எடுக்கவில்லை.

பாலம் மூடிய இரண்டு ஆண்டு

இன்னோர் இழப்பு இப்போது நம் கண்ணெதிரே நடக்கிறது. 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட ஜோகூர் பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அது 2020 மார்ச் 18 அன்று அடைபட்டது. முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1. நாள்தோறும் போய் வந்தவர்கள் ஒரே இரவில் இரண்டில் ஒரு கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் வேலை, ஜோகூரில் குடும்பம் என்றிருந்தவர்கள் பிள்ளை பிறந்ததையும் பெற்றவரைத் தகனம் செய்ததையும் கைப்பேசித் திரையில் பார்த்தார்கள். எத்தனையோ குடும்பங்களின் கைப்பேசிகளில் அந்த இரண்டு ஆண்டு இன்னும் இருக்கிறது: குரல் பதிவாக, நள்ளிரவு அழைப்பின் படமாக, தனிமைப்படுத்தும் அறையின் சன்னல் காட்சியாக.

எல்லையில் எவ்வளவு நேரம் நெரிசல் என்பதைச் சொல்லும் முகநூல் குழுக்கள் இன்று சுறுசுறுப்பாக இயங்குகின்றன. எந்த ஊடகத்தையும்விட வேகமாகச் சொல்கின்றன. அந்தத் தகவல் மறுநாள் யாருக்கும் தேவைப்படாது. பிரிந்திருந்த காலத்தின் கதை அப்படிப் போய்விடக்கூடாது. கைப்பேசி மாற்றும்போது, நினைவகம் நிரம்பி அழிக்கும்போது, அதை அனுபவித்தவர்கள் மறையும்போது அது தொலைந்துகொண்டிருக்கிறது. பழைய தமிழ்ச் சுவடிகளையும் நூல்களையும் மின்வடிவில் காப்பதற்கு 2001 முதல் தமிழ் மரபு அறக்கட்டளை உழைக்கிறது. சிங்கப்பூர்த் தன்னார்வலர்கள் ஐம்பது ஆண்டுத் தமிழ் இலக்கியத்தை மின்மயமாக்கி 2015இல் தேசிய நூலகத்திடம் ஒப்படைத்தார்கள். நூலுக்குச் செய்ததைக் குரலுக்கும் செய்யலாம்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. கோலாலம்பூரில் உள்ள ஒரு தமிழ் நாளிதழோ வானொலியோ தன் ஆசிரியர் குழுவிலிருந்து இருவரை மாதம் ஒரு வார இறுதி ஜோகூருக்கு அனுப்பினால் போதும். கூலாயிலோ குளுவாங்கிலோ ஒரு தமிழ்ப் பள்ளி மண்டபம் கிடைக்கும். வாரநாளில் முடியாதவர்களும் வரலாம். 2025 முதல் இந்த மாநிலத்துக்கும் சனி, ஞாயிறுதான் விடுமுறை. பத்துப் பேர், ஆளுக்குச் சில படம், ஒரு கைப்பேசி. எழுதத் தெரியாதவர் பேசட்டும். பேரப்பிள்ளை வெட்டி ஒட்டட்டும். எதை வைப்பது, எதை எடுப்பது என்ற கடைசிச் சொல் கதைக்காரருடையதாக இருக்கட்டும். அவர் பெயர் மேலே வரட்டும், 'சமூக ஊடகம்' என்று ஓரத்தில் வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் பின்னால் திரும்பப் பெற்றுக்கொள்ளும் உரிமையும் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். இறந்தவரைப் பற்றியும் பிரிந்த கணவரைப் பற்றியும் பேசுகிறவர்களுக்கு அது மிக முக்கியம்.

அப்படித் தொடங்கும் இதழ் முதல் மாதம் பாலத்துக் கதைகளையே எடுத்துக்கொள்ளலாம். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நோர்த் வரை வரும் ஆர்டிஎஸ் ரயிலுக்கான வேலை முடியும் கட்டத்தில் இருக்கிறது. அது ஓடத் தொடங்கினால் விடியற்காலை மோட்டார் சைக்கிள் வரிசையில் நின்றவர்களில் பலர் வேறு வழியில் போவார்கள். அவர்களை இப்போதே தேடிப் பிடிப்பது சுலபம். விடியுமுன் குடிநுழைவு வாசலுக்குப் போனால் போதும். வரிசை நீளமாகவே இருக்கும்.